கம்பளத்துக்கு வெளியே ஒரு கத்தி

சேலத்தில் சூனியக்காரியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, அக்டோபர் மாதத்தைத் தவிர. நான் சொல்வது மசாசூசெட்ஸ் சேலம். மாம்பழச் சேலத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அக்டோபரில் சூனியக்காரி வேஷத் திருவிழா; ஊர் முழுக்கக் கூம்புத் தொப்பி. வக்கீல்களும் பல் டாக்டர்களும் முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து இறங்குகிறார்கள். அந்த முப்பத்தொரு நாளும் தொப்பி இல்லாமல், சாயம் இல்லாமல், கையில் பால் கேனோடு, கொஞ்சம் வழி விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு தெருவைக் கடக்கப் பார்க்கும் ஒருத்தியை நீங்கள் கண்டால், அவள்தான் அசல்.

எங்களில் இரண்டு வகை உண்டு. கடை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்குக் கறுப்பு வெல்வெட் அங்கி, ஜன்னலில் மண்டை ஓடு, வாசலில் வரிசை. இன்னொரு வகை அடுப்படியோடு சரி. நோரீன் பெல்கி இந்த இரண்டாம் வகை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரி. காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைப்பவளுக்கு வெல்வெட் மாட்ட நேரம் ஏது? இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தன் தோழி டெல்ஃபின் வீட்டுச் சமையலறையில் அவளும் டெல்ஃபினும் மேஜையைச் சுற்றி வட்டம் போடுவார்கள். சூப் கிண்ணத்தில் உப்பு, ரொட்டி வெட்டும் கத்தி, ஒரு மெழுகுவத்தி. நிலாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நீலப்பழம் வைத்துச் சுட்ட பெரிய அப்பம் ஒன்றை இரண்டு பேருமாகக் காலி செய்வார்கள். அவர்களுடைய சூனியம் மொத்தமும் அவ்வளவுதான். யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

இந்த டெல்ஃபினுக்கு வசந்த காலத்தில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அக்டோபர் பிறந்தபோது அவளைத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டெல்ஃபின் நோரீனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். போகிற நேரத்தில் கட்டிலைச் சுற்றி நோரீன் வட்டம் போட வேண்டும். அதற்குள் கிடந்தபடி அவள் போக வேண்டும். அவளுக்குச் சாவைக் கண்டு பயமில்லை, தனியாகப் போவதுதான் பயம்.

இல்லத்தில் ஒரு விதி. சடங்கு செய்ய வெளியாள் வரலாம், ஆனால் ஏதாவது ஒரு சமய அமைப்பின் கடிதம் வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். குடும்பம் என்று டெல்ஃபினுக்கு இருந்தது அண்ணன் ரோலண்ட் மட்டும். மனுஷன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். தங்கையின் பௌர்ணமிச் சமாசாரத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துப் போனவர், கட்டிலருகே வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"பாதிரியாருக்கு மேல பிஷப் இருக்கார், அவருக்கு மேல ஆள் இருக்கு," என்றாராம். "உனக்கு மேல யாரு இருக்கா?"

"நிலா இருக்கு," என்றிருக்கிறாள் நோரீன்.

"நிலா கையெழுத்து போடுமா?"

இப்படித்தான் கடிதம் கேட்டு நோரீன் எங்கள் பேரவைக்கு வந்து சேர்ந்தாள்.

வடகரைச் சூனியக்காரர் பேரவை பதினோரு வருஷத்துக்கு முன்னால் உருவானது. ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது என்று இரண்டு கடைக்காரிகளுக்குள் வந்த சண்டையில் பிறந்தது என்பார்கள். அதன் தலைவி வெள்ளிநிலா அம்மையார். ஞானஸ்நானப் பெயர் பெர்னிஸ்; அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். சடங்குக் கத்திக்குக் காப்பாளர் கருங்காகம், அதாவது டுவேன். வாகன உரிம அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே பெண்டாட்டி அவரை வீட்டை விட்டு எங்கேயாவது போங்கள் என்று விரட்ட, எங்களிடம் வந்தார். வந்த ஆறே மாதத்தில் நூற்று நாற்பது பக்கத்தில் விதிப்புத்தகம் எழுதிவிட்டார். அதற்கு முன்பு எங்களிடம் இருந்த ஒரே விதி, யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது. அது இப்போது ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது.

நான் பேரவையின் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவள். பெயர் பேட்சி, மருந்துக்கடையில் வேலை. கூட்டத்தில் வாயைத் திறக்காததால் எனக்கு அமைதி ஆந்தை என்று பட்டம் கொடுத்தார்கள். கோழைக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்.

நோரீன் முதல் தடவை வந்தபோது விண்ணப்பம் கறுப்பு மையில் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை, இருபத்திரண்டு வருஷப் பௌர்ணமிகளும் பௌர்ணமி அன்றுதான் நடந்தன என்பதற்குச் சாட்சி இல்லை என்றார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரியுமே என்றாள் அவள். பஞ்சாங்கம் பௌர்ணமிக்குச் சாட்சி, நீ அன்றைக்கு விழித்திருந்தாய் என்பதற்குச் சாட்சியாகாது என்றார் கருங்காகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எங்கள் மதத்துக்கும் வந்துவிட்டது. ஒரு மதம் வளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்றாம் தடவை நேர்முகத் தேர்வு. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. எங்களுக்குச் சொந்த இடம் கிடையாது. ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வார நாட்களில் அது மழலையர் பள்ளி. சுவரெல்லாம் காகிதப் பூசணிக்காய்கள். உட்காரக் குட்டி நாற்காலிகள்தான். முட்டி தாடையில் இடிக்கும். தரையில் ரயில் தண்டவாளமும் சின்னச் சின்ன ஸ்டேஷன்களும் வரைந்த பெரிய வட்டக் கம்பளம். உப்பால் வட்டம் போட்டால் தூசி உறிஞ்சும் இயந்திரம் பழுதாகிறது, சுண்ணக்கட்டியால் போட்டால் தரை பாழாகிறது என்று தேவாலயத்தார் தடுத்துவிட்டதால், அந்தக் கம்பளத்தின் விளிம்புதான் பேரவைக்கு இரு உலகங்களுக்கும் நடுவே உள்ள எல்லை.

வட்டம் என்பது எங்களுக்கு வழக்கமான விஷயம். கத்தியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வலமாக ஒரு சுற்று வந்தால் வட்டம் மூடிக்கொண்டது. நடுவில் யாராவது வெளியே போக வேண்டுமானால் அதே கத்தியால் காற்றில் ஒரு வாசல் வெட்டித் திறந்துவிடுவோம். பால் பொங்குகிறது என்றால் நோரீன் ஆட்காட்டி விரலாலேயே வெட்டிவிட்டு ஓடுவாள். பேரவையில் விரல் செல்லாது. விதி பதினான்கு: வட்டம் போட்ட கத்தியால் மட்டுமே வாசல் வெட்டலாம்.

அன்றைக்குத் தேவாலயத்திலிருந்து ஒரு புது உத்தரவும் வந்திருந்தது. பிள்ளைகள் புழங்கும் கூடத்தில் கூர்மையான ஆயுதம் ஒரு நிமிஷம்கூடத் தங்கக் கூடாது. பயன்படுத்தி முடித்த உடனே காவலாள் ஸ்டாஷிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைச் சமையலறை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். உத்தரவு என்றால் கருங்காகத்துக்கு உயிர். எங்கள் ஒன்பது பேரையும் கம்பளத்தில் நிறுத்தி, விளிம்பை ஒட்டி உள்பக்கமாகவே கம்பீரமாக ஒரு சுற்று வந்து, வட்டத்தை மூடி, விளிம்புக்கு அப்பால் தட்டை ஏந்தி நின்ற ஸ்டாஷிடம் கத்தியை நீட்டினார். இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டார். ஸ்டாஷ் கத்தியைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு மேலே போய்விட்டார். நான் குறிப்பில் எழுதினேன்: கத்தி ஒப்படைக்கப்பட்டது, ரசீது பெறப்பட்டது.

எழுதி முடித்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. ஆந்தை வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிநிலா அம்மையார் குட்டி நாற்காலியில் அங்கியைப் பரப்பி அமர்ந்து தொடக்க உரை ஆற்றினார். அது எனக்கு மனப்பாடம், இருந்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார்.

"முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல நம்மள நிக்க வெச்சு, நீ சூனியக்காரிதானான்னு விசாரிச்சாங்க. விசாரிச்சது யாரு? வெளியாளுங்க. என்ன ஒரு அவமானம். இன்னிக்கி அந்த நிலைமை இல்ல. இன்னிக்கி நம்மள நாமளே விசாரிச்சுக்கிறோம். இந்த உரிமைய யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டோம்."

எல்லாரும் கைதட்டினோம். நோரீனும் தட்டினாள். அவள் பள்ளிக்கூட வேலைக்குப் போடும் வெள்ளை ரப்பர் செருப்பைக் கம்பள விளிம்புக்கு உள்பக்கம் கழற்றி வைத்துவிட்டு, மடியில் ஒரு துணிப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் டெலிபோன் இருந்தது. வட்டத்துக்குள் டெலிபோன் கூடாது. இருப்பது எனக்குத் தெரியும், நான் எழுதவில்லை.

தேர்வு தொடங்கியது. உனக்குத் தீட்சை கொடுத்தது யார் என்று கேட்டார் கருங்காகம். டெல்ஃபின் என்றாள் நோரீன். டெல்ஃபினுக்கு யார் கொடுத்தது? நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாளா? அது தெரியாது என்றாள் இவள். கருங்காகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மரபு அங்கேயே அறுந்துவிட்டது போலத்தான் அவர் முகம் இருந்தது.

வட்டத்தின் வடக்குக் காவலுக்கு என்ன சொல்லி அழைப்பாய் என்று அடுத்த கேள்வி. டெல்ஃபின் வீட்டில் வடக்குப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி இருக்கும், அதைப் பார்த்து வாங்க என்போம் என்றாள். ரொட்டிக் கத்தியா பயன்படுத்தினாய்? ஆமாம். அதில் ரொட்டியும் வெட்டினாயா? பின்னே வேறு எதில் வெட்டுவது என்று அவள் கேட்டது எல்லாருக்கும் சங்கடமாகப் போயிற்று.

கடைசியில் தீட்சை கொடுத்தவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார் கருங்காகம். நோரீன் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவதான் சாகக் கெடக்கா. அவளுக்காகத்தான் கடிதமே கேக்குறேன். விண்ணப்பத்துல எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. அது 'காரணம்' பத்தியில இருக்கு. 'சாட்சி வர முடியாமை' பத்தி காலியா இருக்கு."

இந்த இடத்தில் ஊமத்தைப்பூ குறுக்கிட்டார். பேரவையில் ஆவிகளோடு பேசும் பிரிவுக்கு இவர் பொறுப்பு. பளிச்சென்ற பல், குளிர்ந்த கை. நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது உண்மையாகவே ஆறுதல் சொல்லும் எண்ணத்தில்தான்.

"கவலப்படாதீங்கம்மா. உயிரோட இருக்கிறவங்க சாட்சிக்கு வர்றதுதான் சிரமம். அவங்க போய்ச் சேந்துட்டாங்கன்னா நமக்கு ரொம்ப சுலபம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் இருப்பேன். அவங்கள வரவழைச்சு ஒரே அமர்வுல வாக்குமூலம் வாங்கிரலாம். அடுத்த வாரமே கடிதம் கைக்கு வந்துரும்."

"செத்தப்புறம் கடிதம் எதுக்கு?" என்றாள் நோரீன்.

கேள்வி விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து வரக் கூடாது என்று கருங்காகம் நினைவூட்டினார்.

அப்போது அவள் மடி அதிர்ந்தது. எல்லாரும் பார்க்க, பைக்குள் கையை விட்டு டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள். சரி என்று ஒரு தடவை சொன்னாள். சமையல் வேலையில் காய்ந்து வெடித்த கையால் டெலிபோனைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"நர்ஸ் கூப்ட்டா," என்றாள். "மூச்சு மாறிருச்சாம். ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோங்கிறா. நான் போகணும். கடிதம் குடுக்கிறதுன்னா இப்போ குடுங்க. இல்லன்னா வாசலையாவது தெறங்க."

வெள்ளிநிலா அம்மையார் பெரிய மனதோடு தலையசைத்தார். கடிதம் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம், விண்ணப்பதாரருக்கு வாசல் வெட்டிக் கொடுங்கள் என்றார். கருங்காகம் எழுந்து நின்று இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். உறை காலி. திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். எங்கள் கண்கள் எல்லாமே அவரோடு சேர்ந்து சமையலறைக்குப் போயின.

சுவரில் காகிதப் பூசணிக்காய்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"கத்தி வெளிய இருக்கு," என்றார் கருங்காகம்.

"கத்தி வெளிய போனப்பவே வட்டம் உடைஞ்சிருக்குமே," என்றாள் நோரீன்.

"இல்ல. கத்தி போகலாம். கத்திதான் வாசல். வாசல் போறதுக்கு வாசல் தேவையில்ல. பதினாலுக்கு ரெண்டாவது விளக்கம், பாருங்க."

இரண்டு மணி ஐம்பத்தைந்துக்கு அவசரக் கூட்டம் தொடங்கியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கூட்டத்தை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்கலாமா என்பதற்கு ஏழு நிமிஷம் போயிற்று. நோரீன் உட்காரவில்லை. கம்பளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு. அவள் இடமாகச் சுற்றுகிறாள், அது வட்டத்தைக் கலைக்கும், வலமாக நடக்கச் சொல்லுங்கள் என்று ஊமத்தைப்பூ முறையிட, அவள் திரும்பி வலமாக நடந்தாள். அவ்வளவு பணிவு.

மூன்றேகாலுக்கு ஸ்டாஷ் மாடிப்படியில் தலையை நீட்டி, மூன்றரைக்கு இங்கே ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா இருக்கிறது, கிளம்புகிறீர்களா என்று கேட்டார். நிலைமையைச் சொன்னோம். மனிதர் நேரே போய் இழுப்பறையைத் திறந்து, கத்தியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். தீர்ந்தது என்று நான் மூச்சுவிட்டேன்.

"வேண்டாம்," என்று கருங்காகம் இரண்டு கையையும் உயர்த்தினார். "அவர் தீட்சை வாங்காதவர். அவர் கையால வட்டத்துக்குள்ள கத்திய வாங்கக் கூடாது."

"ஏன் சார், நீங்க குடுத்தப்போ நான்தானே வாங்கிக்கிட்டேன்?" என்றார் ஸ்டாஷ்.

"நீங்க வாங்கினது ஒப்படைப்பு. அதுக்கு ரசீது இருக்கு. நீங்க குடுத்தா அது சடங்கு."

ஸ்டாஷுக்குத் தீட்சை கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெள்ளிநிலா அம்மையாருக்கு அது பிடித்துப்போயிற்று; உறுப்பினர் எண்ணிக்கை கூடும். ஆனால் தீட்சைக்கு முன்னால் ஓராண்டும் ஒரு நாளும் படிக்க வேண்டும் என்பது எங்கள் மரபு. அது கருங்காகம் கண்டுபிடித்தது அல்ல, எல்லா இடத்திலும் உள்ளதுதான். அப்படியானால் அடுத்த அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை வாக்கில் கத்தியை வாங்கிக்கொள்ளலாம் என்று கருங்காகம் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. ஸ்டாஷ் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"எனக்கு விழா மூணரைக்கு," என்று சொல்லிவிட்டு அவர் தட்டைத் தரையில், கம்பளத்துக்கு ஒரு முழம் அப்பால், வைத்துவிட்டுப் போனார்.

கத்தி கண்ணெதிரே கிடந்தது. குனிந்து கையை நீட்டினால் எட்டும். ஆனால் கையை நீட்டினால் கை வட்டத்தைத் தாண்டிவிடும். கை மட்டும் தாண்டுவது ஆள் வெளியேறியதாகுமா என்று ஆராய மூவர் குழு அமைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். கைகள் உயர்ந்தன. நான் எண்ணி எழுதினேன்.

நோரீன் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நான் தாண்டிப் போனா என்ன ஆகும்?" என்று தலைவியிடம் கேட்டாள். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போட்ட வட்டத்த மிதிக்கிறத விடப் பெரிய குத்தம் நம்மகிட்ட இல்லம்மா. விண்ணப்பம் ரத்தாயிடும். ஓராண்டும் ஒரு நாளும் கழிச்சுத்தான் மறுபடி குடுக்கலாம். உங்க வேதன எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்காக விதிய வளச்சா, அப்புறம் யார் யாருக்கோ வளைக்க வேண்டி வரும். நாங்க இங்க உக்காந்திருக்கிறது எதுக்கு?"

"எனக்கும் அதான் புரியல," என்றாள் நோரீன். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "அவ சின்னப் புள்ளையிலேர்ந்து தனியாப் படுக்க மாட்டா. எனக்குக் கடிதம் வேண்டாம். நீங்க நல்லா இருங்க."

குனிந்து செருப்பை எடுத்தாள். கம்பளத்தின் விளிம்பில் ஒரு நொடி நின்றாள். அவள் இதையெல்லாம் நம்புகிறவள். எங்கள் எல்லாரையும்விட நம்புகிறவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிறு பிள்ளை குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது போல ஒரு காலை வைத்தாள், அடுத்த காலை வைத்தாள். விளக்கு அணையவில்லை. சுவர் அதிரவில்லை. ஊமத்தைப்பூ மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பேனாவை மூடினேன். குறிப்பேட்டைக் குட்டி நாற்காலியில் வைத்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்து, நானும் போறேன் என்றேன். போனேன்.

வெளியே தெருவில் கால் வைக்க இடமில்லை. கார் எடுத்தால் மறுநாள்தான் போய்ச் சேருவோம் என்று நடந்தோம். நடந்தோம் என்பதும் பொய், நீந்தினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொப்பி, துடைப்பம், பிளாஸ்டிக் மூக்கு. நோரீன் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னே போனாள். துடைப்பத்தோடு நின்ற ஒரு அம்மாள் இவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை மேலும் கீழும் பார்த்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டு வேஷம்கூடப் போடவில்லையே, உங்களைப் போன்றவர்களால்தான் விழா களை கெடுகிறது என்று கடிந்துகொண்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நோரீன் அவள் துடைப்பத்துக்குக் கீழே நுழைந்து போனாள்.

பாலத்தருகே கூட்டம் சற்று விலகியது. அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பேட்சி, வட்டத்த மிதிச்சதுக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"உனக்கா?"

"எனக்கு ஆனா ஆகட்டும்டி. அவளுக்கு."

ஒன்றும் ஆகாது என்றேன். நூற்று நாற்பது பக்கத்தையும் மூன்று தடவை சுத்தப் பிரதி எடுத்தவள் நான், எதிலும் அப்படி இல்லை என்றேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மீதி தூரம் ஓடினாள். ஐம்பது வயதில், ரப்பர் செருப்போடு.

இல்லத்தில் நான்காம் எண் அறை வாசலில் ரோலண்ட் நின்றார். பெரிய உடம்பு, மீன்பிடிப் படகில் வேலை பார்த்த தோள்கள். பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயாயிற்று என்றார். பிறகு கையை நீட்டினார், கடிதத்துக்கு.

"தரல," என்றாள் நோரீன். மூச்சு வாங்கியது. "வட்டத்துக்குள்ள இருந்தேன், நர்ஸ் கூப்ட்டா, அவங்களால வாசல் தெறக்க முடியல, கத்திய வெளிய வெச்சுட்டாங்க. நான் மிதிச்சுத் தாண்டிட்டு வந்துட்டேன். இனிமே தர மாட்டாங்க."

ரோலண்டுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தாடியைச் சொறிந்தார்.

"இனிமேல்னா எப்போ வரைக்கும்?"

"ஒரு வருஷமும் ஒரு நாளும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். மனிதர் ஏதோ பழைய எரிச்சலை நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"என் முதல் கல்யாணம் செல்லாதுன்னு ஒரு காகிதம் குடுக்கச் சொல்லி எங்க சர்ச் ஆளுங்ககிட்ட கேட்டேன்," என்றார். "ஆறு வருஷம். ஆறு வருஷமா நற்கருணை வாங்காம கடைசி பெஞ்சுல உக்காந்தேன். அந்தப் பொம்பள வேற ஒருத்தனக் கட்டி மூணு புள்ள பெத்துட்டா, இவங்க எங்கிட்ட சாட்சி எங்கங்கிறாங்க." கதவிலிருந்து தோளை எடுத்தார். "காலைலேர்ந்து உன்னத்தான் கேக்குறா. போ உள்ள."

டெல்ஃபின் தலையணையில் ஒரு பிடியாகக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நோரீன் குனிந்து நெற்றியைத் தொட்டதும் உதடு அசைந்தது.

"லேட்டு."

"வண்டி நிறுத்த இடம் கெடைக்கலடி," என்றாள் நோரீன். டெல்ஃபினின் வாய் ஒரு ஓரமாக இழுத்தது. அது சிரிப்புதான். அக்டோபரில் இந்த ஊரில் எந்தத் தாமதத்துக்கும் அது ஒன்றுதான் காரணம்.

கிளம்பும்போது கூடத்துக் கொக்கியிலிருந்து எடுத்து வந்த என் கைப்பையில் டெலிபோன் ஓயவில்லை; பேரவை சொல்லச் சொல்ல ஸ்டாஷ் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். மூன்றரைக்குப் பதினேழு குழந்தைகள் பலூன்களோடு இறங்கி வந்து கம்பளத்தில் குதித்து ரயில் விட்டனவாம். குழந்தைகள் தாண்டியதால் வட்டம் உடைந்ததா என்பது விதியில் இல்லையாம். பேரவை இன்னும் உட்கார்ந்தபடி, கேக் சாப்பிடலாமா என்று பரிசீலித்துக்கொண்டிருந்தது. குறிப்பெழுத ஆள் இல்லை, உடனே திரும்பி வரவும் என்றிருந்தார்கள். டெலிபோனை அணைத்தேன்.

நோரீன் வலமாகச் சுற்றத் தொடங்கினாள். ஆட்காட்டி விரல்தான் கத்தி. கட்டிலின் தலைமாட்டில் மருந்துக் குழாய்கள் தொங்கின. அவற்றுக்கு அடியில் குனிந்து போனாள். வடக்கு எது என்று தெரியாமல் தயங்கியபோது ரோலண்ட் துறைமுகத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் திரும்பி, வாங்க என்றாள். வேறு மந்திரம் எதுவும் சொன்னதாக எனக்குக் காதில் விழவில்லை. டெல்ஃபின், நான் இருக்கேன், ரோலண்டும் இருக்கான் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள்.

நர்ஸ் மருந்தோடு வந்தவள் கட்டிலுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள்.

"வாங்க, போங்க. எத்தன தடவ வேணும்னாலும்," என்றாள் நோரீன். "இது அவளுக்குப் போட்டது. உங்களத் தடுக்கிறதுக்குப் போட்டது இல்ல."

நர்ஸ் வந்தாள், போனாள். ரோலண்ட் வெளியே போய்க் காபி வாங்கி வந்தார். எனக்கு ஒவ்வொரு தடவையும் பக்கென்றது. பதினோரு வருஷப் பழக்கம் லேசில் போகுமா? டெல்ஃபினின் மூச்சு நீண்டு நீண்டு நின்று, பிறகு மறுபடி வந்தது. அவள் கை நோரீன் கைக்குள் இருந்தது. பயந்த முகம் இல்லை அது. அதை நான் எந்தப் பேரவை முன்னாலும் சாட்சியாகச் சொல்வேன்.

அப்போதுதான் கவனித்தேன். நோரீன் சுற்றி வந்தவள், முழுச் சுற்று வரவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு கஜம் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்து அவள் காதருகே குனிந்தேன்.

"நோரீன், ஜன்னல் பக்கம் மூடலையே."

"தெரியும்," என்றாள் அவள், டெல்ஃபின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ போகணும்ல."

ரோலண்ட் எழுந்தார். ஜன்னலை மறைத்துப் போட்டிருந்த தன் நாற்காலியைத் தூக்கி, ஓசைப்படாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.